கண்டஸ்புடிதமும் புதுக்குப்புறமும்: சிற்றூர்ப் பெருமாள் கோயில்களின் திருப்பணி நிதி பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

கோயிற்சாஸனங்களில் அடிக்கடி வரும் ஒரு தொடரைப் படிப்போர் பெரும்பாலும் விரைந்து கடந்துவிடுவர். திருவமுது, திருவிளக்கு, திருமாலை, திருநந்தவனம் என்று நிவந்தங்களை வரிசைப்படுத்திக்கொண்டு வரும் சாஸனம், அவ்வரிசையின் ஓரத்தில் ‘கண்டஸ்புடித ஜீர்ணோத்தாரணம்’ என்று ஒன்றையும் சேர்த்துக்கொள்ளும். கண்டம் என்பது உடைந்தது. ஸ்புடிதம் என்பது வெடித்தது. ஜீர்ணம் என்பது நைந்தது. இவற்றைச் சீர்செய்தலே ஜீர்ணோத்தாரணம். பொருள் இவ்வளவுதான். ஆயினும் இத்தொடர் நிற்கும் இடம் கருதத்தக்கது. அன்றாட அமுதுபடிக்கும் விளக்கெண்ணெய்க்கும் பக்கத்திலேயே சுவரின் வெடிப்பை அடைக்கும் செலவும் எழுதப்பட்டிருக்கிறது. கட்டடத்தைப் பழுதுபார்ப்பது பன்னிரண்டாண்டுக்கு ஒருமுறை வரும் விழாவாக அன்றி, நித்ய கைங்கர்யத்தின் உறுப்பாகவே எண்ணப்பட்டது என்பதற்கு இந்த இட அமைவே சான்று.

பல்லவன் முதலாம் பரமேச்வரவர்மனின் கூரம் செப்பேட்டை இதற்கு நல்ல எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். ஏழாம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்த அந்தச் சாஸனம் ஓர் ஊரை இருபத்தைந்து பங்காகப் பிரிக்கிறது. பெரும்பங்கு வேதம் வல்லார்க்குச் செல்ல, எஞ்சியவற்றில் கோயில் வழிபாட்டுக்கும் பழுதுபார்ப்புக்கும், மண்டபத்துக்குத் தண்ணீரும் தீயும் வைப்பதற்கும், அம்மண்டபத்திலேயே பாரதம் வாசிப்பதற்கும் பங்குகள் ஒதுக்கப்படுகின்றன. அது சிவாலயம் பற்றிய சாஸனமேயாயினும், வ்யாக்யான காலக்ஷேப மரபில் வந்த நமக்கு அதில் ஒரு செய்தி உண்டு. நூலை வாசிப்பவனுக்கும் கூரையைக் காப்பவனுக்கும் ஒரே ஊரின் விளைவிலிருந்து படியளந்திருக்கிறார்கள். கூரை ஒழுகும் மண்டபத்தில் காலக்ஷேபம் நடவாது என்பதை அரசன் அறிந்திருந்தான்.

தமிழ்ச் சாஸனங்கள் இதற்கெனத் தனிச்சொல்லையே வைத்திருந்தன. எம்பெருமானுடைய கோயிலுக்கு விடப்பட்ட நிலம் திருவிடையாட்டம்; கோயிலைப் புதுக்குவதற்கென்று விடப்பட்ட நிலம் புதுக்குப்புறம். புறம் என்னும் ஈறு இன்ன காரியத்துக்குரிய நிலம் என்பதைக் காட்டும். ஒருமுறை கொடுத்து முடிந்துபோகும் பொற்காசு வேறு, ஆண்டுதோறும் விளைந்து வரும் நெல் வேறு. புதுக்குப்புறம் என்பது இரண்டாவது வகை. நிலம் விளையும் மட்டும் சுண்ணாம்பு வரும். சுண்ணாம்பு வரும் மட்டும் கூரை ஒழுகாது. இன்றைய ‘மானியம்’ என்னும் சொல்லே முன்பு இறையிலி நிலத்தைக் குறித்தது. இப்போது அது பெரும்பாலும் அரசு வழங்கும் தொகையைக் குறிக்கிறது. நிலத்திலிருந்து தொகைக்கு அச்சொல் நடந்து வந்த வழியே இக்கட்டுரையின் பொருள்.

மதுரைப் பக்கத்திலேயே இன்னொரு பழஞ்சான்று உண்டு. ஆனைமலை நரசிங்கப் பெருமாள் குடைவரையை அகழ்வித்தவன் பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனின் மந்திரி மாறன் காரி. கலியாண்டு 3871, அதாவது கி.பி. 770 என்று காலம் குறிக்கும் அச்சாஸனத்தின்படி, நீர்தெளித்துப் பிரதிஷ்டையை நிறைவேற்றுமுன் அவன் பரமபதித்தான். அவனுக்குப் பின் மந்திரிப் பதவியேற்ற தம்பி மாறன் எயினன் முகமண்டபம் செய்வித்து நீர்தெளித்தான். திருப்பணியைத் தொடங்கியவன் வேறு, முடித்தவன் வேறு. இருவர் பெயரும் ஒரே பாறையில் நிற்கின்றன. தமையன் செய்ததை இடித்துவிட்டுத் தம்பி தன் பெயரில் புதிதாகக் கட்டவில்லை. இதைச் சொல்லவேண்டிய காலமாக இருக்கிறது.

இனித் தேனிப் பக்கம் வருவோம். 1996-இல் மதுரையிலிருந்து பிரிக்கப்படும்வரை இது பெரியகுளம் முதலான வட்டங்களாக மதுரை மாவட்டத்தில் இருந்தது. இப்பகுதியின் சாஸனச் செல்வம் பாண்டியர் காலத்திலேயே தொடங்குகிறது. சின்னமனூரில் கிடைத்த பெரியது, சிறியது என்னும் இரு செப்பேடுகளையும் வரலாறு கற்றோர் அறிவர். பெரிய செப்பேடு பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட இராஜஸிம்ஹனுடையது. மதுரையில் சங்கம் வைத்ததையும் மஹாபாரதம் தமிழாக்கப்பட்டதையும் குலப்பெருமையாகக் கூறுவது. பிரமதேயம் வழங்கிய அந்த ஓலை இன்று நமக்குக் கிடைத்திருப்பது அது செம்பில் எழுதப்பட்டதனால். சிற்றூர்களின் திருவிடையாட்டங்களுக்கு அந்தப் பேறு இல்லை. அவை கோயிலின் அதிஷ்டானக் கல்லிலேயே எழுதப்பட்டன. கல் போனால் பட்டயமும் போயிற்று. இதைப் பின்னர் மீண்டும் பேசுவோம்.

கம்பம் பள்ளத்தாக்கு நீர்வளம் மிக்கது. 1895-இல் முல்லைப் பெரியாறு அணை நீர் வந்தபின் அங்கே கோயில் நிலம் உள்ள ஊர்களுக்கு விளைச்சலில் உறுதி ஏற்பட்டது. கம்பராயப் பெருமாளும் காசி விச்வநாதரும் ஒரே வளாகத்தில் எழுந்தருளியிருக்கும் கம்பம் கோயில், பெரியகுளத்து வரதராஜப் பெருமாள் கோயில் ஆகியவற்றை அன்பர்கள் ஸேவித்திருப்பர். வருசநாட்டுப் பக்கத்தின் நிலை வேறு. கண்டமனூரைக் கடந்து தெற்கே செல்லும் சாலையில் கடமலைக்குண்டு, மயிலாடும்பாறை, வருசநாடு என்று ஊர்கள் மூல வைகையை ஒட்டி அமைந்திருக்கின்றன. மலையில் மழை பெய்தால் ஆற்றில் நீர், பெய்யாவிட்டால் மணல். பெரியாற்று நீர் இப்பக்கம் எட்டுவதில்லை. ஆகவே இங்கே கோயிலுக்கு நிலம் இருந்தாலும் அது பெரும்பாலும் மானாவாரி; அதன் வருவாய் வானத்தை நோக்கியிருப்பது. ஆண்டிபட்டியை அடுத்த ஜம்புலிபுத்தூரில் கதலி நரசிங்கப் பெருமாள் கோயிலும் சித்திரைத் தேரும் இருக்கின்றன. அந்தத் தேரோட்டத்தின் புகழ் இந்த வறண்ட நிலத்தில்தான் வளர்ந்தது. அதற்கும் தெற்கே, மலையடிவாரச் சிற்றூர்களில் உள்ள பெருமாள் ஸந்நிதிகளும் பஜனை மடங்களும் எந்தத் தலபுராணத்திலும் இடம்பெறாதவை. நாயக்கர் காலத்திலும் அதன் பின்னரும் தெலுங்கும் கன்னடமும் பேசிக் குடியேறிய வேளாண் குடிகள் தத்தம் குலதெய்வத்தோடு எம்பெருமானையும் எழுந்தருளச் செய்துகொண்ட மரபு இப்பகுதி முழுவதும் உண்டு.

இங்கு ஒன்றை இடையே சொல்லத் தோன்றுகிறது. கம்பத்தில் நந்தகோபாலசாமி பெயரால் தம்பிரான் மாட்டுத் தொழு என்று ஒன்று இருக்கிறது. ஒக்கலிகர் ஸமூகத்தார் நெடுங்காலமாகப் பேணிவரும் திருமந்தை அது. வானளாவிய கோபுரம் அங்கே இல்லை. கன்றுகளை நேர்ந்துவிடுவதும் மாட்டுப் பொங்கலன்று தீவனம் கொண்டுவந்து வணங்குவதுமே அதன் நிவந்தம். ஆண்டுதோறும் வந்துகொண்டேயிருக்கும் சிறு காணிக்கை ஒரு கைங்கர்யத்தை எவ்வளவு காலம் தாங்கும் என்பதைக் காண விரும்புவோர் அங்கே சென்று காணலாம்.

வருசநாட்டுப் பக்கத்துச் சிற்றூர்கள் கண்டமனூர் ஜமீனைச் சேர்ந்தவை. 1906-இல் ஃபிரான்ஸிஸ் எழுதிய மதுரை மாவட்ட கெஸட்டியரிலும் அந்த ஜமீன் இடம்பெறுகிறது. ஜமீன் ஊர்களில் கோயிலுக்கு விளக்கெரிவதும் மண்டபம் வெள்ளை பூசப்படுவதும் ஜமீனின் கருவூலத்தையும் ஊர்ப்பொதுவையும் சார்ந்திருந்தன. இப்படிப்பட்ட அமைப்புக்கு வந்த மாறுதல்களைச் சுருங்கச் சொல்வதே போதும். அவை சட்டநூல்களில் விரிவாக உள்ளன. 1817-ஆம் ஆண்டின் ஏழாம் ரெகுலேஷன் கோயில், மசூதி, சத்திரம், பாலம் ஆகியவற்றுக்கு விடப்பட்ட மானியங்கள் உரிய காரியத்துக்கே செலவிடப்படுவதைக் கண்காணிக்கும் கடமையை வருவாய் வாரியத்திடம் ஒப்படைத்தது. 1840-களில் கும்பினி அரசு அப்பொறுப்பிலிருந்து விலகியது. 1863-ஆம் ஆண்டின் இருபதாம் சட்டம் அவ்விலகலை முழுமையாக்கியது. இதற்கிடையே 1858-இல் தொடங்கிய இனாம் கமிஷன் மானிய நிலங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து பதிவேடு எழுதியது. சில இடங்களில் நிலத்தை அரசு எடுத்துக்கொண்டு அதற்கு ஈடாக ரொக்கத் தொகை தரும் வழக்கம் முன்னமே இருந்தது. அதற்குத் தஸ்திக் என்று பெயர். 1948-ஆம் ஆண்டின் எஸ்டேட் ஒழிப்புச் சட்டமும், 1963-ஆம் ஆண்டின் சிறு இனாம் ஒழிப்புச் சட்டமும் வந்தபின் இத்தஸ்திக் இன்னும் பரவலாயிற்று.

ஜமீன் ஒழிந்ததற்கு வருந்த வேண்டியதில்லை. உழுதவன் நிலத்துக்கு உரியவனானான். ஆனால் நிலம் ரொக்கமாக மாறியபோது நேர்ந்த ஒரு நுட்பமான இழப்பைக் கணக்கில் எடுத்தவர்கள் குறைவு. நெல்லின் விலை ஏறினால் புதுக்குப்புறத்தின் வருவாயும் ஏறும். சுண்ணாம்பின் விலையும் கொத்தனார் கூலியும் ஏறினாலும் சமாளிக்கலாம். தஸ்திக் தொகையோ எழுதிய எண்ணிலேயே நின்றுவிடும். ஒரு தலைமுறைக்கு முன் கூரையைச் செப்பனிடப் போதுமாயிருந்த தொகை, அடுத்த தலைமுறையில் விளக்கெண்ணெய்க்கும் போதாது. கண்டஸ்புடிதம் நிவந்தப் பட்டியலிலிருந்து எவரும் அடிக்காமலே அழிந்தது இப்படித்தான்.

நித்ய வருவாய் நின்றபோது அதன் இடத்துக்கு வந்தது ஒருமுறை நிதி. 1959-ஆம் ஆண்டின் இந்து சமய அறநிலையச் சட்டம் வருவாய் மிகுந்த கோயில்களின் உபரியை நலிந்த கோயில்களுக்குப் பயன்படுத்த வழி செய்தது. பொது நல நிதி என்னும் ஏற்பாடும் அச்சட்டத்தில் உள்ளது. துறையின் மேற்பார்வையில் உள்ள கோயில்களுள் மிகப் பெரும்பாலானவை ஆண்டுக்குப் பத்தாயிரம் ரூபாய் வருவாயும் இல்லாதவை என்பதை நினைத்தால் இவ்வேற்பாட்டின் இன்றியமையாமை விளங்கும். அண்மைக் காலத்தில் கிராமப்புறக் கோயில்கள் 1,250, ஆதிதிராவிடர் குடியிருப்புகளில் உள்ள கோயில்கள் 1,250 ஆகியவற்றுக்குத் தலா 2 லட்சம் ரூபாய் திருப்பணி நிதி என்று திட்டம் வகுக்கப்பட்டது. முன்பு இது 1 லட்சமாக இருந்தது. ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட தொன்மையான கோயில்களின் புனரமைப்புக்கென 2022-23 நிதிநிலை அறிக்கையில் அரசு 100 கோடி ரூபாய் மானியம் அறிவித்தது. இவை நன்றியுடன் ஏற்கத்தக்கவையே.

ஆனால் இவ்விரண்டுக்கும் நடுவே விழுந்துவிடும் கோயில்கள் உண்டு. கடமலைக்குண்டைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் நாயக்கர் காலத்துக்கும் ஜமீன் காலத்துக்கும் உரிய கல்மண்டபமுள்ள ஒரு பெருமாள் கோயிலை எண்ணிப் பார்ப்போம். அதற்கு வயது முந்நூறோ நானூறோ, ஆயிரமன்று. மத்திய தொல்லியல் துறையோ மாநிலத் தொல்லியல் துறையோ பாதுகாக்கும் சின்னமாக அறிவிக்கப்பட்டதும் அன்று. மூத்தது என்னும் தகுதியும் இல்லை. பெரியது என்னும் தகுதியும் இல்லை. எஞ்சியிருப்பது அந்தத் திருப்பணி நிதி மட்டுமே. தொன்மையை ஆண்டுக் கணக்கால் அளப்பது அரசுக்கு எளிது; ஊருக்கு அது பொருந்தாது. ஓர் ஊரில் உள்ளவற்றுள் மிகப் பழைய கட்டடம் எதுவோ அதுவே அவ்வூரின் தொன்மை. இந்த அளவுகோலையும் மானிய விதிகளில் சேர்த்தால் ஒழிய, மலையடிவாரத்துக் கோயில்களுக்கு வழி பிறக்காது என்பது இக்கட்டுரையாளனின் கருத்து.

இவற்றினும் பழைய முறைக்கு நெருங்கி வருவது ஒருகால பூஜைத் திட்டம். வருவாயற்ற கோயில் ஒன்றின் பெயரில் நிரந்தர வைப்புநிதி செலுத்தி, அதன் வட்டியில் ஒருவேளை பூஜையேனும் நடக்கச் செய்வது அது. 12,959 கோயில்களுக்கு வைப்புத்தொகையை 1 லட்சத்திலிருந்து 2 லட்சமாக உயர்த்த 2022-இல் அரசு 129.59 கோடி ரூபாய் வழங்கியது. நூற்றுக்கு ஆறு வட்டி என்று கொண்டால் ஒரு கோயிலுக்கு மாதம் 1,000 ரூபாய் வரும். தொகை சிறிதே, ஆனால் இதன் வடிவம் புதுக்குப்புறத்தின் வடிவம். முதல் கரையாமல் விளைவு மட்டும் வருவது. இதே முறையில் கண்டஸ்புடிதத்துக்கும் தனி வைப்புநிதி ஏன் வைக்கலாகாது என்று கேட்பதற்கு நம் சாஸனங்களே இடம் தருகின்றன.

பெரிய கோயில்களின் கதை வேறு. திருவரங்கத்து ராஜகோபுரம் 1979-இல் தொடங்கி 1987-இல் நிறைவேறியது. அஹோபில மடத்து நாற்பத்து நான்காம் பட்டம் ஜீயர் ஸ்வாமியின் ஸங்கல்பத்துக்கு அரசும் செல்வரும் எளியோரும் சேர்ந்து பொருள் தந்தனர். அதே திவ்யதேசத்தின் புனரமைப்புப் பணிக்கு 2017-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருதும் வந்தது. அங்கே பரிசளிக்கப்பட்டது எழுப்பியதற்காக அன்று, காத்ததற்காக. பிற்காலத்தில் சேர்ந்த தடைகளை அகற்றிப் பழைய நீர்வழிகளைத் திறந்ததும், பழைய சாந்துமுறையைக் கையாண்டதும் அந்தப் பணியின் சிறப்புகள்.

இதைக் கேட்கும்போது குருபரம்பரையில் வரும் ஒரு வ்ருத்தாந்தம் நினைவுக்கு வரும். திருமங்கையாழ்வார் திருவரங்கத்துக்கு மதில் எடுத்தபோது, அதன் நேர்கோட்டில் தொண்டரடிப்பொடியாழ்வாரின் நந்தவனம் குறுக்கிட்டது. ஆழ்வார் மதிலை ஒதுக்கி நந்தவனத்தைக் காத்தார் என்பர். அந்தத் திருப்பணிக்குப் பொருள் வந்த வழியைப் பற்றிப் பெரியோர் பலபடப் பேசுவர், அது நிற்க. இங்கே நாம் கொள்ளவேண்டியது மதிலின் வளைவு. புதிய திருப்பணி, முன்பே நடந்துகொண்டிருக்கும் கைங்கர்யத்தை இடித்துக்கொண்டு செல்லலாகாது. எம்பெருமான் அர்ச்சாவதாரத்தில் தன் ஸ்வாதந்த்ர்யத்தை மறைத்து அடியார்க்குப் பரதந்த்ரனாய் இருக்கிறான் என்பதைப் பிள்ளை லோகாசார்யர் தத்த்வத்ரயத்தில் நிரூபிக்கிறார். நாம் எதைக் கட்டினாலும் அதில் அவன் இருந்துவிடுவான். ஒழுகும் கூரையின் கீழும் இருப்பான், பளிங்குப் பலகையின் மேலும் இருப்பான். மறுக்கமாட்டான் என்பதே நம்மை அதிகம் அஞ்சச் செய்யவேண்டும்.

சிற்றூரில் நடப்பது என்ன? திருப்பணி நிதி வருகிறது. ஊரார் தம் பங்காக இன்னும் சிறிது திரட்டுகின்றனர். சுண்ணாம்புக் காரை அரைக்கத் தெரிந்தவர் அருகில் இல்லை. சிமெண்ட் வேலை தெரிந்தவர் எங்கும் உண்டு. கல்மண்டபத்தின் தளத்தில் பழைய செங்கற்சல்லிச் சுண்ணாம்புத் தளம் பெயர்ந்து மழைநீர் இறங்குகிறது என்பதே உண்மையான நோய். ஆனால் தளத்தின் மேல் செய்த பணி கீழே நிற்பவர் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே பணம் சுவருக்கு எனாமல் வர்ணமாகவும், தரைக்கு வழுக்கும் ஓடாகவும், முகப்புக்குக் கான்கிரீட் கொட்டகையாகவும் மாறுகிறது. கல்லின் இணைப்பில் சிமெண்ட் வைத்தால் உள்ளே புகுந்த ஈரம் வெளியேற வழியின்றிக் கல்லையே அரிக்கும். சுண்ணாம்புச் சாந்து ஈரத்தை வாங்கி வெளிவிடும். விமானத்தில் முளைக்கும் அரசங்கன்றை ஆண்டுக்கு இருமுறை கிள்ளி எறிந்தால் செலவு ஒரு நாள் கூலி. பத்தாண்டு விட்டால் விமானத்தையே பிரிக்கவேண்டும். கண்டஸ்புடிதத்தை நித்ய நிவந்தத்தில் வைத்த முன்னோரின் கணக்கு இதுதான்.

இங்கிலாந்தில் 1877-இல் வில்லியம் மாரிஸ் என்னும் கவிஞர் ஒரு சங்கம் தொடங்கினார். புதுப்பிக்கிறோம் என்ற பெயரில் பழைய தேவாலயங்களைச் சுரண்டிப் புதுமுகம் ஆக்குவதை எதிர்த்து, நாள்தோறும் பேணுவதே போதும் என்று அச்சங்கம் வாதிட்டது. பல்லவர் செப்பேட்டில் உள்ள பங்கீட்டை அவர் அறிந்திருக்க வழியில்லை. நாம் அறிந்தும் மறந்தோம்.

இனி மிகக் கொடிய இழப்பைச் சொல்லவேண்டும். மணலை வீசிக் கல்லைச் சுரண்டும் முறை கோயில்களில் கையாளப்பட்ட காலத்தில் எத்தனையோ கல்வெட்டுகள் மழுங்கின. பின்னர் அது தடுக்கப்பட்டது. இப்போது தரையை உயர்த்துவதால் அதிஷ்டானத்தின் கீழ்ப்பட்டைகள் புதைகின்றன. வர்ணத்தால் எழுத்துகள் நிரம்புகின்றன. திருமதிற்கற்கள் இடம் மாற்றி அடுக்கப்படுகின்றன. அந்த எழுத்துகள் யாவை? இன்ன எல்லைக்குட்பட்ட இத்தனை மா நிலம் இப்பெருமாளுக்குத் திருவிடையாட்டம், இன்ன நிலம் புதுக்குப்புறம் என்று சொல்லும் பட்டயங்கள். ஒருமுறை நிதியைச் செலவிடும் அவசரத்தில் நிரந்தர நிதியின் ஆவணம் அழிக்கப்படுகிறது. அவ்விடத்தில் பளபளக்கும் கருங்கற்பலகையில் உபயதாரர் பெயர்கள் எழுதப்படுகின்றன. சேஷபூதனுக்குத் தன் பெயரைப் பொறிக்கும் ஆசை எங்கிருந்து வந்தது என்பதை ஆசார்யர்களிடம்தான் கேட்கவேண்டும். பழைய சாஸனங்களிலும் பெயர் உண்டு, ஆனால் அங்கே பெயரோடு நிலமும் இருந்தது.

2021 ஜூன் 7-ஆம் நாள் சென்னை உயர்நீதிமன்றம் கோயில்களையும் தொன்மைச் சின்னங்களையும் பாதுகாப்பது குறித்து 75 வழிகாட்டுதல்களோடு தீர்ப்பு வழங்கியது. திருப்பணி மதிப்பீடுகளை வல்லுநர் குழு பார்த்து ஒப்புதல் தரும் முறையும் நடைமுறையில் உள்ளது. சிற்றூர்களில் இதனால் காலதாமதம் ஏற்படுகிறது என்று குறைகூறுவோர் உண்டு. ஸம்ப்ரோக்ஷணத்துக்கு நாள் குறித்துவிட்டுக் காத்திருக்கும் ஊராரின் மனவருத்தம் புரிந்துகொள்ளத்தக்கதே. ஆயினும் முந்நூறு ஆண்டு நின்ற மண்டபம் இன்னும் ஓராண்டு நிற்கும். இடித்த மண்டபம் ஒருநாளும் திரும்பாது. பாஞ்சராத்ர, வைகானஸ நூல்கள் ஜீர்ணோத்தாரணத்துக்கு முன் பாலாலயம் விதித்திருப்பதும் அவசரப்படாமைக்கு ஓர் ஏற்பாடே.

வருசநாட்டுப் பக்கத்து அன்பர்கள் எவரேனும் இந்த நிதிக்கு விண்ணப்பிக்க முற்பட்டால், மதிப்பீட்டுக்கு முன் செய்யவேண்டியவை மூன்று உண்டு. வடகிழக்குப் பருவமழை நாளொன்றில் கோயிலுக்குள் நின்று நீர் இறங்கும் இடங்களைக் குறித்துக்கொள்வது. கல்லில் எழுத்துள்ள இடங்களையெல்லாம் பல கோணங்களில் படமெடுத்துத் தொல்லியல் துறையாரிடம் ஒரு படி கொடுப்பது. வட்டாட்சியர் அலுவலகத்திலும் ஆவணக் காப்பகத்திலும் அவ்வூரின் இனாம் பதிவேட்டைத் தேடிப் பார்ப்பது. அப்பதிவேட்டில் மானியம் எதற்காக விடப்பட்டது என்பதற்கு ஒரு கலம் உண்டு. அந்தக் கலத்தில் பெருமாள் கோயில் என்று ஒரு சொல் இருந்தால், அதற்குரிய நிலம் இன்று எந்தப் புல எண்ணில் இருக்கிறது என்பதை அறிய அதுவே முதற்படி.